குண்டு விழுந்த தூரம் வரை

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மனை விற்பனை விளம்பரம் ஒன்றை அனுப்பியிருந்தார். "சார், வாங்கலாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். வழவழப்பான தாள், மேலே தென்னைமரப் படம். "சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து 10 நிமிடம்" என்று கொட்டை எழுத்து. எனக்கு மனை விவரம் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். ஆனால் அந்தப் "10 நிமிடம்" என்பதைப் பார்த்ததும் கடலூர்க்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருடைய 10 நிமிடம்? நடந்தா, பைக்கிலா, ராத்திரி 2 மணிக்கு ஆம்புலன்ஸிலா? இதே மாதிரி ஒரு வாசகத்தை நம்பி இந்த ஊரையே ஒருவர் விற்றார், ஒருவர் வாங்கினார். அந்தக் கதையை அவருக்கு எழுத ஆரம்பித்தேன். நீண்டுவிட்டது. எல்லோருக்குமாகப் போடுகிறேன்.

தேவனாம்பட்டினம் உங்களுக்குத் தெரியும். வெள்ளி கடற்கரைக்குப் போகிற வழி. அங்கே கெடிலம் கரையோரம் இடிந்த சுவர் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. புனித டேவிட் கோட்டை. 1690-இல் அந்த இடம் செஞ்சியில் இருந்த மராட்டியர் கையில் இருந்தது. சிவாஜி 1677-இல் செஞ்சியைப் பிடித்ததிலிருந்து இந்தப் பக்கம் அவர்கள் ஆட்சி. ஆங்கிலேயர்களுக்கு மதராஸில் கோட்டை இருந்தது, கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் துணி வாங்குகிற வியாபாரமும் இருந்தது. ஆனால் இங்கே சொந்தக் கோட்டை இல்லை. டச்சுக்காரர்களுக்கு தேவனாம்பட்டினத்தோடு அதற்கும் பழைய தொடர்பு. பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்திலேயே புதுச்சேரியில் உட்கார்ந்திருந்தார்கள்.

விற்றவர் யார், ஏன் விற்றார் என்பதைப் பார்க்க வேண்டும். 1689-இல் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்றுவிட்டார். தம்பி ராஜாராம் அங்கிருந்து தப்பித்து, அந்த வருடக் கடைசியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே முகலாயத் தளபதி சுல்பிகர் கான் படையோடு வருகிறார். 1690 செப்டம்பரில் செஞ்சி முற்றுகை ஆரம்பம். ராஜாராமுக்கு அவசரமாகப் பணம் வேண்டும். கையில் விற்கக்கூடியதாக இருந்தது கடற்கரையில் ஒரு கோட்டை. கல்யாணச் செலவுக்கு நிலத்தை விற்கிறவர் எப்படி விற்பார் என்று நமக்குத் தெரியும். வாங்குகிறவருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகளும் போட்டி போட்டன. ஆங்கிலக் கம்பெனி அதிக விலை கொடுத்து வாங்கியது. மதராஸ் கவர்னர் எலிஹு யேல் காலம் அது. பத்திரத்தில் கோட்டை மட்டும் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அதற்குள் இருக்கிற ஊர்களும் சேர்த்தி.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். அந்த ஆங்கில ஒப்பந்தத்தில் இருக்கிற சொல் "ராண்டம் ஷாட்". இன்று ராண்டம் என்றால் நம் பிள்ளைகள் "ஏதோ ஒன்று, எதேச்சையாக" என்று புரிந்துகொள்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டு பீரங்கிக்காரனுக்கு அது தொழில் சொல். குழாயை மட்டமாக வைத்து நேரே சுடுவது ஒரு வகை. குழாயின் வாயை மேலே தூக்கி, குண்டு வளைந்து போய் அதிகபட்ச தூரத்தில் விழும்படி சுடுவது இன்னொரு வகை. அந்த இரண்டாவதுதான் ராண்டம். ஆக, "ஏதோ ஒரு குண்டு" என்று காதில் விழுகிற இடத்தில் எழுதியிருந்தது "முடிந்தவரை நீளமான குண்டு". மராட்டிய அதிகாரிகளுக்கு இந்த நுணுக்கம் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் பீரங்கி வைத்துப் போர் செய்தவர்கள்தான். ஆனால் பேரம் பேசுகிற நேரம் அவர்களுக்கு இல்லை.

அடுத்தது கருவி. எந்தப் பீரங்கி? எவ்வளவு மருந்து? யார் சுடுவது? அதெல்லாம் வாங்குகிறவர் கையில் விடப்பட்டது. கம்பெனிக்காரர்கள் கிடைத்தவற்றில் நல்ல பீரங்கியாகப் பார்த்தார்கள். மருந்து எப்படி நிரப்பி எப்படிச் சுட்டால் நமக்கு அதிக லாபமோ, அது பீரங்கிக்காரனின் கைத்திறமை என்ற பொருள்பட மதராஸிலிருந்து கடிதமே போனது. அரசாங்கக் கடிதத்தில் இப்படி வெளிப்படையாக எழுதுகிற துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போதெல்லாம் இதை வாயால்தான் சொல்வார்கள்.

வகுப்பில் இந்த இடத்தில் நான் பலகைக்குப் போய்விடுவேன். கணக்கு ஆசிரியர் வராண்டாவில் நின்று பார்த்துச் சிரிப்பார். கோட்டை கடற்கரையில் இருக்கிறது, கிழக்கே கடல். அதனால் கிடைப்பது அரைவட்டம். குண்டு 2 கிலோமீட்டர் போனால் அரைவட்டத்தின் பரப்பு சுமார் 6 சதுர கிலோமீட்டர். 4 கிலோமீட்டர் போனால்? 12 என்று பின்பெஞ்சு கத்தும். இல்லை, 25. தூரம் இரண்டு மடங்கானால் நிலம் நான்கு மடங்கு. இவை கணக்கு விளங்க நான் போட்ட எண்கள். அன்றைய குண்டு போன தூரம் இதுவென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குண்டுக்கும் குழாய்க்கும் நடுவே சந்து அதிகமாக இருந்தால் புகை அதன் வழியே ஓடிப்போய் வேகம் குறையும். மருந்து ஈரம் பட்டிருந்தால் இன்னும் குறையும். குழாய் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் ஒரு கிராமம் தப்பித்திருக்கும்.

அதனால்தான் சொல்வேன், இந்த வியாபாரத்தில் மட்டமான கருவி யாருக்கு லாபம் என்றால் விற்றவருக்கு. துருப்பிடித்த பீரங்கி ஒன்றை செஞ்சியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து "இதில் சுடுங்கள் ஐயா" என்று ராஜாராமின் ஆட்கள் சொல்லியிருந்தால் பாதி ஊர் மிஞ்சியிருக்கும். மலிவான சாமானை எல்லாரும் திட்டுகிறோம். அது எந்தப் பக்கத்துக் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நஷ்டம்.

1690 செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். கெடிலத்துக்குத் தெற்கே இருக்கிற கடலூர் நகரமே குண்டு எல்லைக்குள் வந்துவிட்டது. நம் பழைய பட்டினம், ஓ.டி. அப்படி வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஒரு ஊராட்சி இருக்கிறது, குண்டு சாலை என்று சாலை இருக்கிறது. பெயருக்குக் காரணம் அந்தக் குண்டுதான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பஸ்ஸில் "குண்டு சாலை இறங்கு" என்கிற கண்டக்டருக்கு ராஜாராமையும் தெரியாது, யேலையும் தெரியாது.

என்னை உறுத்துகிற விஷயம் வேறு. விற்றவரிடம் பணம் போனது, வாங்கியவரிடம் நிலம் போனது. நடுவில் இருந்தவர்கள்? காலையில் உப்பளத்துக்கோ தறிக்கோ போனவர், மதியம் தலைக்கு மேல் விசில் மாதிரிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தவர், சாயங்காலம் வேறொரு ஆட்சிக்கு வரி கட்டுகிறவர் ஆகிவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை. எல்லை என்பது நம் வீட்டைச் சுற்றி இருக்கிறது, ஆனால் அதைப் போடுகிற கை நம்முடையது இல்லை. சரித்திரப் புத்தகங்கள் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடும். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லப்பட்டதைக் கேட்டு வளர்ந்தேன்.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன் இங்கே எல்லை போடத் தெரியாமலா இருந்தது? சோழர் செப்பேடுகளைப் பாருங்கள். ராஜராஜன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த சாசனம் இருக்கிறதே, டச்சுக்காரர்கள் கையில் அகப்பட்டு லைடன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அதில் எல்லை போட்ட விதம் வருகிறது. ஒரு பெண் யானையை ஊர் எல்லை நெடுகச் சுற்றி நடக்க விடுவார்கள். பிடி சூழ்தல் என்று பெயர். அதிகாரிகள், ஊரார், பக்கத்து ஊரார் எல்லாரும் கூட நடப்பார்கள். யானை நடந்த வழியில் கல் நடுவார்கள், கள்ளி நடுவார்கள். "கல்லும் கள்ளியும் நாட்டி" என்று கல்வெட்டுகளில் திரும்பத் திரும்பப் படிக்கலாம். கிழக்கே எது, தெற்கே எது, மேற்கே எது, வடக்கே எது, எந்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், எந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்று நான்கெல்லையும் எழுத்தில் வரும்.

இதை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. தானம் வாங்கியவருக்கு நிலம் போனபோது உழுதவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் யானை மெதுவாக நடக்கிற பிராணி. பக்கத்து ஊர்க்காரன் கூடவே நடக்கிறான். "ஐயா, இந்தத் தோப்பு எங்களது" என்று சொல்ல அவனுக்கு நேரம் இருக்கிறது. குண்டைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது.

கடலூரோடு நிற்கவில்லை இந்த வித்தை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 1737-இல் இதன் அண்ணன் மாதிரி ஒன்று நடந்தது. லெனாப்பே என்ற பழங்குடி மக்களிடம் வில்லியம் பென்னின் மகன்கள் ஒரு பழைய ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கிற தூரம் வரை நிலம் எங்களுக்கு என்று அதில் இருப்பதாகச் சொன்னார்கள். லெனாப்பே மக்கள் நினைத்த நடை, ஆற்றங்கரையோரம் பேசிக்கொண்டே, உட்கார்ந்து சாப்பிட்டு, புகை பிடித்துப் போகிற நடை. பென் குடும்பம் என்ன செய்தது தெரியுமா? வேகமாக ஓடக்கூடிய மூன்று பேரைப் பரிசு சொல்லி அமர்த்தியது. காட்டில் முன்கூட்டியே வழி வெட்டி வைத்தது. செப்டம்பர் 19-ஆம் தேதி புறப்பட்டார்கள். இரண்டு பேர் நடுவில் விழுந்துவிட்டார்கள். எட்வர்ட் மார்ஷல் என்ற ஒருவர் மட்டும் சுமார் 100 கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சேர்ந்தார். அதுவும் போதாதென்று, அந்த இடத்திலிருந்து ஆற்றுக்குக் கோடு போடும்போது நேர் குறுக்காகப் போடாமல் கோணத்தைத் திருப்பிப் போட்டு இன்னும் நிலத்தை வளைத்தார்கள். மொத்தம் 10 லட்சம் ஏக்கருக்கு மேல். நடந்த மார்ஷலுக்குச் சொன்ன நிலப்பரிசு கிடைக்கவில்லை என்பது கூடுதல் தகவல். அதிலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இங்கே குண்டு, அங்கே ஓட்டக்காரர், சிதம்பரம் விளம்பரத்தில் 10 நிமிடம். மூன்றிலும் தூரத்தைச் சொல்கிறார்கள், அளவுகோலைச் சொல்வதில்லை.

சரி, வாங்கியவருக்காவது நிம்மதியா? அதையும் பார்ப்போம்.

வாங்கிய எல்லையைக் காப்பாற்ற வேண்டுமே. கம்பெனி தன் நிலத்தைச் சுற்றி முள்வேலி வளர்த்தது. ஆங்கிலத்தில் பவுண்ட் ஹெட்ஜ் என்பார்கள், எல்லை வேலி. கள்ளி, கற்றாழை, முட்செடிகள். ஆள் புக முடியாத அடர்த்தி, நடுநடுவே காவல் அரண். புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர்கள் இதே போல வைத்திருந்தார்கள். சோழன் நட்ட கள்ளியைக் கம்பெனியும் நட்டது என்று வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ராஜாராம் செஞ்சியை விட்டுத் தப்பிப் போக, 1698 தொடக்கத்தில் கோட்டை முகலாயர் கைக்குப் போனது. விற்றவரே ஊரில் இல்லை என்றால் பத்திரத்துக்கு என்ன மதிப்பு? அடுத்து வந்தவர் பழைய கணக்கைக் கேட்பார் அல்லவா. 1710 வாக்கில் செஞ்சியில் இருந்த சொரூப் சிங்குக்கும் புனித டேவிட் கோட்டைக்கும் பணத் தகராறு முற்றிச் சண்டையே மூண்டது. சொரூப் சிங் யாரென்றால், நம் தெருக்கூத்துகளில் வருகிற தேசிங்கு ராஜனின் அப்பா. கம்பெனி அதிகாரிகள் இருவரைப் பிடித்துக்கொண்டு போனார். ஊர்கள் எரிந்தன, பயிர் போனது. 1712-இல்தான் அடங்கியது. யாருடைய பயிர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நியாயமாகப் பேசினால், கோட்டை கம்பெனிக்கு ஒரு தடவை பெரிதாகக் கைகொடுத்தது. 1746-இல் மதராஸைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையகம் இங்கே வந்தது. 1752 வரை கடலூர்தான் தலைநகர். மஞ்சக்குப்பத்தில் கவர்னர் தோட்ட வீடு இருந்தது. 1756-இல் கிளைவ் இங்கே பொறுப்பில் இருந்தார், கல்கத்தாச் செய்தி வந்ததும் வங்காளம் போனார். ஆனால் 1758-இல் லாலி வந்தார். ஜூன் 2-ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அவ்வளவு பார்த்துப் பார்த்துக் குண்டு சுட்டு வாங்கிய சொத்து 68 வருடத்தில் செங்கல் குவியல். பிறகு பல கை மாறி 1785-இல் ஆங்கிலேயரிடமே நிலையாக வந்தபோது, அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. மதராஸ் வளர்ந்துவிட்டது.

இதைவிட மோசமான வாங்கல் சிதம்பரத்துப் பக்கம் நடந்தது. தேவிக்கோட்டை. சிதம்பரத்துக்குத் தென்கிழக்கே, கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்தருகே. 1749-இல் தஞ்சாவூர் அரியணைக்கு நான்தான் உரியவன் என்று ஷாஜி என்பவர் புனித டேவிட் கோட்டைக்கு வந்து உதவி கேட்டார். உதவினால் தேவிக்கோட்டை உங்களுக்கு என்றார். கம்பெனிக்குக் கண் விரிந்தது. இந்தக் கரை நெடுகப் பெரிய கப்பல் உள்ளே வந்து நிற்க ஒரு துறைமுகம் கிடையாது. கொள்ளிடம் முகத்துவாரத்தில் இருக்கிற மணல் திட்டை மட்டும் எடுத்துவிட்டால் கப்பல் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டார்கள்.

"மட்டும்" என்ற சொல்லைப் பார்த்தீர்களா? பழைய வண்டி வாங்குகிறவரிடம் "என்ஜினை மட்டும் கொஞ்சம் பார்த்துட்டா போதும்" என்பார்களே, அந்த "மட்டும்".

ஏப்ரலில் கேப்டன் கோப் தலைமையில் முதல் படை தரைவழியாகப் போனது. நம் ஊர்ச் சித்திரைப் புயல் அடித்தது. கடலோரம் நின்ற நாமூர் என்ற போர்க்கப்பல் மூழ்கி ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். படை வெறுங்கையோடு திரும்பியது. திரும்பவும் விடவில்லை. மேஜர் லாரன்ஸ் தலைமையில் கடல்வழியே இரண்டாவது படை போனது. இளைஞரான கிளைவ் முன்னால் நின்று சண்டை போட்டுப் பெயர் வாங்கினார். கோட்டை விழுந்தது. தஞ்சை மன்னர் பிரதாப சிங் சமாதானம் பேசினார். தேவிக்கோட்டையும், வருடம் 9,000 வராகன் வருமானம் வரும் நிலமும் கம்பெனிக்கு. யாருக்காகப் போனதாகச் சொன்னார்களோ அந்த ஷாஜி? அவரைக் கைவிட்டார்கள். அவர் மேற்கொண்டு தொந்தரவு செய்யாமல் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், அவர் செலவுக்கு வருடம் 4,000 ரூபாய் தந்தால் போதும் என்றும் தஞ்சையோடு முடித்துக்கொண்டார்கள். உதவி கேட்க வந்தவர் காவலில் முடிந்தார்.

அந்த மணல் திட்டு? அது போகவில்லை. பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து மீனவரைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார், முகத்துவாரம் வருடா வருடம் தூர்ந்து போகும், வாய் மாறும், காவிரித் தண்ணீர் கொண்டுவருகிற மணலும் கடல் தள்ளுகிற மணலும் அங்கே சந்திக்கும் என்று. பெரிய துறைமுகம் வரவேயில்லை. 1758-இல் புனித டேவிட் கோட்டை போனதும் தேவிக்கோட்டையையும் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஒன்பது வருடம்.

இந்தக் கதையில் லாபம் பார்த்தவர் ஒருவர் உண்டு, எலிஹு யேல். 1692-இல் பதவி போயிற்று, சொந்த வியாபாரத்தில் சேர்த்த பணத்தோடு பிறகு லண்டன் போனார். 1718-இல் அமெரிக்காவில் கனெக்டிகட் நாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு 9 மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்றைய யேல் பல்கலைக்கழகம். உலகத்தில் இதைவிட மலிவாக ஒருவர் எதையும் வாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அளவுக்கருவி பற்றி இன்னொரு விஷயம் சொல்லாமல் விட மனம் இல்லை. குண்டு சுட்டு நூற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1802-இல், வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே நில அளவைக்கான அடிக்கோட்டை அளந்தார். சுமார் ஏழரை மைல். கையில் இருந்தது லண்டன் ராம்ஸ்டன் பட்டறையில் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி. அது சீனப் பேரரசருக்கு மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோன சாமான்களில் ஒன்று, அங்கே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. வெயிலில் எஃகு நீளும் என்பதற்காக சங்கிலியை மரப்பெட்டிகளில் நீட்டி வைத்து, வெப்பமானி வைத்துப் பார்த்து, நீண்டதையும் கணக்கில் சேர்த்து எழுதினார். ஏப்ரல், மே வெயிலில் ஒன்றரை மாதம் அளந்தார்கள். சித்திரை வெயிலில் ஏழரை மைலுக்கு ஒன்றரை மாதம்! இதே கம்பெனிதான் 1690-இல் ஒரு குண்டு சுட்டு ஊரை அளந்தது. துல்லியம் தெரியாதவர்கள் இல்லை. எப்போது துல்லியம் வேண்டும், எப்போது வேண்டாம் என்று தெரிந்தவர்கள்.

இப்போது என்னோடு வேலை பார்த்த ஒரு தமிழாசிரியை பற்றி. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. டீச்சர் என்றே சொல்கிறேன். சிதம்பரத்தில் 30 அடிக்கு 60 அடி மனை வாங்கிப் போட்டிருந்தார். கணவர் இல்லை, பையன் வெளியூரில். பக்கத்து மனைக்காரர் வீடு கட்ட ஆரம்பித்தார். மேஸ்திரி டேப் கொண்டுவந்து பிடித்தார். பழைய பிளாஸ்டிக் டேப். முதல் துண்டு அறுந்து போய்விட்டது, அதனால் ஒன்று என்ற எண்ணிலிருந்து பிடிக்க வேண்டும். ஒரு தடவை அந்த ஒன்றைக் கழிப்பார், ஒரு தடவை மறந்துவிடுவார். வெயிலில் இழுத்துப் பிடித்தால் நீளும். கடையில் எழுபது எண்பது ரூபாய்க்குத் தொங்குகிற டேப். அந்த டேப்பின்படி பக்கத்து வீட்டு அஸ்திவாரம் சரியாக எல்லையில் இருந்தது.

டீச்சர் "இந்த டேப் வேண்டாம் தம்பி" என்றார்.

பக்கத்து மனைப் பெரியவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, நாங்க என்ன உங்க இடத்தை எடுத்துக்கிட்டா போகப் போறோம்? நாளைக்கு ஒரு அவசரம்னா நாங்கதான வரணும். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட போய் சர்வேயர், தாலுகா ஆபீஸ்னு..." என்றார். தெருவில் நாலு பேர் கூடினார்கள். நாலு பேரும் அவர் பக்கம்தான். ஒண்டிக்கட்டைப் பொம்பளை, வீம்பு பிடிக்கிறாள் என்று ஒருவர் முனகியது டீச்சர் காதில் விழுந்தது.

டீச்சர் சொன்னாராம், "அண்ணே, அவசரத்துக்கு நானும் வருவேன், நீங்களும் வருவீங்க. அது வேற, அளவு வேற. பணம் கட்டியாச்சு. சர்வேயர் வரட்டும். அதுவரைக்கும் அஸ்திவாரத்துல கல்லு வைக்காதீங்க."

விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் கட்டி, நாலைந்து தடவை நடந்து, புல வரைபடத்தை வைத்து எஃகு டேப்பில் அளந்தார்கள். டேப்பின் பிழை நாலு அங்குலம். மிச்சம் எட்டு அங்குலம் வேறு காரணம். அஸ்திவாரம் மொத்தம் ஒரு அடி உள்ளே வந்திருந்தது. 60 அடி நீளத்துக்கு ஒரு அடி, 60 சதுர அடி. பெரியவர் தோண்டியதை மூடி நகர்த்திக்கொண்டார். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை. டீச்சருக்கு அது வருத்தம்தான், எட்டு மாதம் பேச்சு இல்லை. இப்போது பேசிக்கொள்கிறார்கள், முன் மாதிரி இல்லை. எல்லைக் கல்லைச் சுற்றி டீச்சர் மருதாணிச் செடி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் வந்து பறித்துக்கொண்டு போகிறார்களாம்.

தில்லைக்காளி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு டீச்சர் நினைவு வரும். நடனப் போட்டிக்குப் பிறகு காளி ஊர் எல்லைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று தலபுராணம். கோயில் கோப்பெருஞ்சிங்கன் கட்டியது. தோற்றுப்போனவள் என்று சொல்வார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் அவளையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். இது என் கிறுக்கு யோசனை, பக்தர்கள் கோபிக்க வேண்டாம்.

மாணவருக்கு என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். வாங்கு, வாங்காதே என்று நான் சொல்லவில்லை. பட்டா, வில்லங்கம் பார்ப்பதெல்லாம் வக்கீல் சொல்லுவார். நான் சொன்னது இவ்வளவுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேருந்து நிலையத்திலிருந்து அந்த மனைக்கு நீயே நடந்து போ, உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போ. நேரத்தை நீ பார். அளக்கிற அன்றைக்கு டேப்பை நீ கொண்டுபோ. அவர்கள் அவசரப்படுத்தினால் ஏன் அவசரம் என்று கேள். நேற்று பதில் வந்தது, "சார், நடந்தா 55 நிமிஷம் ஆகுது. பாதி வழியில அவ ஆட்டோ புடிக்கச் சொல்லிட்டா."

கடைசியாக ஒரு வேண்டுகோள். குண்டு உப்பலவாடி, தேவனாம்பட்டினம், புதுப்பாளையம், பழைய பட்டினம் பக்கத்து நண்பர்கள் இந்தப் பதிவைப் படித்தால், உங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் நான்கெல்லை எப்படி எழுதியிருக்கிறது? கல்லா, மரமா, வாய்க்காலா, யார் வீட்டுச் சுவரா? அந்தக் குண்டு எங்கே விழுந்ததாக உங்கள் பாட்டி சொன்னார்? ஒரு வரி எழுதுங்கள் போதும். பெயர், சர்வே எண் எல்லாம் போட வேண்டாம்.